நமீப் பாலைவனம்: போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில், நமீபியா நாட்டில் இருக்கும் நமீப் பாலைவனத்துக்குச் சொந்தமாக வண்டி ஓட்டிக்கொண்டு போக நினைப்பவர்களுக்கான பக்கம் இது. சிவப்பு மணல்மேடுகளின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் பெரும்பாலானோர் கிளம்புகிறார்கள். அந்த மேடுகளின் அடிவாரத்தில், விரல்நுனி அளவுக்கு நடக்கும் வாழ்க்கையைப் பார்க்காமல் திரும்பினால் பாதியைத்தான் பார்த்ததாக அர்த்தம். அதனால் வண்டி, சாலை, அனுமதி பற்றிய விவரங்களோடு வண்டுக்கும் பல்லிக்கும் இங்கே தாராளமாக இடம் தந்திருக்கிறோம்.

நமீப் எவ்வளவு பெரியது? எல்லா இடமும் மணலா?

அங்கோலாவின் தெற்கில் தொடங்கி, நமீபியாவின் முழுக் கடற்கரையையும் தழுவி, தென்னாப்பிரிக்காவின் வடமேற்கு வரை ஏறத்தாழ 2000 கி.மீ. நீளம். அகலம் குறைவு. கடலிலிருந்து உள்ளே 100 முதல் 160 கி.மீ. போனாலே மலைச்சரிவு வந்துவிடும். உலகின் மிகப் பழைய பாலைவனங்களில் ஒன்று. இங்கே வறட்சி நிலவத் தொடங்கி 5.5 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்பது பரவலான கணக்கு.

எல்லாம் மணல் இல்லை. குய்செப் என்ற ஆறு குறுக்கே ஓடுகிறது. ஆண்டில் சில நாள் மட்டும், சில ஆண்டுகளில் அதுவும் இல்லாமல், வெள்ளம் வரும் காட்டாறு அது. அதன் தென்கரையில் மணல்மேடுகள் மலைபோல் நிற்க, வடகரையில் தட்டையான சரளைக்கல் சமவெளி விரிகிறது. காற்று வடக்கு நோக்கித் தள்ளும் மணலை, அவ்வப்போது வரும் வெள்ளம் அடித்துக் கடலை நோக்கிக் கொண்டுபோய்விடுகிறது. தெற்கே உள்ள மணற்கடலை யுனெஸ்கோ 2013-ல் உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

பக்கத்திலேயே கடல் இருந்தும் ஏன் மழை இல்லை?

அந்தக் கடல்தான் காரணம். அண்டார்டிக் பக்கமிருந்து வரும் பெங்குவேலா நீரோட்டம் கரையோரத்தைச் சில்லென்று வைத்திருக்கிறது. குளிர்ந்த நீருக்கு மேலுள்ள காற்று கனத்துக் கீழேயே கிடக்கும். மேலெழும்பி மழைமேகமாக மாறாது. ஆனால் அதே குளிர்ச்சி காற்றிலுள்ள ஈரத்தை மூடுபனியாக்குகிறது. கரையில் ஆண்டுக்கு 20 மி.மீ. மழைகூடக் கிடைக்காத இடங்களில், நூறு நாளுக்கு மேல் மூடுபனி இறங்குகிறது. சில நாட்களில் அது 100 கி.மீ. உள்ளே வரை போகும். நமீபின் உயிரினங்களில் பெரும்பகுதி மழையை நம்பியில்லை, இந்தப் பனியை நம்பித்தான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதி பதில்கள் தாமாகவே புரியும்.

மணல் எங்கிருந்து வந்தது? ஏன் சிவப்பு?

ஆரஞ்சு ஆறு தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டை அரித்துக் கடலில் கொட்டிய மணல் இது. கரையோர அலையும் நீரோட்டமும் அதை வடக்கே நகர்த்த, தென்காற்று கரையிலிருந்து உள்ளே ஏற்றியது. மணலில் இருக்கும் இரும்பு காலப்போக்கில் துருப்பிடித்து ஒவ்வொரு துகளையும் மெல்லிய பூச்சாகப் போர்த்துகிறது. அதனால் கரையோர மணல் வெளிர் மஞ்சள், உள்ளே போகப் போகச் செம்மை. சிவப்பு மேடுகள் சூழ்ந்த சோசஸ்ஃப்ளே பகுதியில் பல திசைக் காற்றும் மோதுவதால் மேடுகள் நட்சத்திரம்போல் பல கைகளோடு நிற்கின்றன. அவை பெரிதாக இடம் மாறுவதில்லை, உயரம்தான் கூடும். கரையோரப் பிறைவடிவ மேடுகள் நகர்பவை.

எந்த மாதம் போகலாம்?

மே முதல் செப்டம்பர் வரை. பகல் இதமாக இருக்கும், வானம் தெளிந்திருக்கும். ஆனால் ஜூன், ஜூலை இரவில் உள்பகுதிகளில் வெப்பம் உறைநிலைக்கு அருகே இறங்கும். சென்னையிலிருந்து போகிறவர்கள் இதைக் குறைத்து மதிப்பிட்டுத்தான் கூடாரத்தில் நடுங்குகிறார்கள். கம்பளித் தொப்பி, காலுறை, நல்ல தூக்கப்பை மூன்றும் கட்டாயம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை உள்பகுதியில் 40 டிகிரியைத் தாண்டும், மணலின் மேற்பரப்பு 70 டிகிரி வரை கொதிக்கும். அதே நாளில் கரையோர ஸ்வாகோப்முண்ட் ஊரில் மேல்சட்டை தேவைப்படும்.

குளிர்காலத்தில் சில நாட்கள் கிழக்கிலிருந்து வெப்பக்காற்று அடிக்கும். கரையோரச் சாலைகளில் அது மணலை அள்ளி வீசி வண்டியின் பெயின்ட்டையும் கண்ணாடியையும் உரித்துவிடும். வாடகை வண்டிக் காப்பீட்டில் இந்தச் சேதம் பெரும்பாலும் அடங்காது. அப்படிக் காற்று எழுந்தால் ஊருக்குள் நிறுத்திவிட்டுக் காத்திருங்கள்.

விசா, தடுப்பூசி, பணம்?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். விதியும் கட்டணமும் மாறிக்கொண்டே இருப்பதால், டிக்கெட் போடும் முன் நமீபியத் தூதரகத்தின் அன்றைய அறிவிப்பைப் பாருங்கள். அடிஸ் அபாபா, நைரோபி வழியாகப் போகிறவர்கள் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்கினால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். பயணத்துக்கு 10 நாளாவது முன்பு போட்டிருக்க வேண்டும். மத்திய, தென் நமீபில் மலேரியா கவலை இல்லை. வடக்கே குனேனே ஆறு, எடோஷா தேசியப் பூங்கா பக்கம் மழைக்காலத்தில் போவதானால் மருத்துவரைக் கேட்டு மாத்திரை எடுத்துச் செல்லுங்கள்.

நமீபிய டாலரும் தென்னாப்பிரிக்க ராண்டும் சம மதிப்பு. ராண்ட் எங்கும் செல்லும். மீந்த நமீபிய டாலரைத் தென்னாப்பிரிக்காவில் யாரும் வாங்க மாட்டார்கள், கிளம்பும் முன் செலவழித்துவிடுங்கள்.

என்ன வண்டி எடுக்க வேண்டும்?

நம் ஊர்போல அங்கும் இடப்பக்க ஓட்டம், அதனால் கை பழகியிருக்கும். தலைநகர் விண்ட்ஹுக், சோசஸ்ஃப்ளேவுக்கு வாயிலான செஸ்ரீம், ஸ்வாகோப்முண்ட் மட்டும் என்றால் உயரமான சாதாரண வண்டி போதும். சோசஸ்ஃப்ளேயின் கடைசி 5 கி.மீ., வடமேற்கின் ஆற்றுப்படுகைகள் ஆகியவற்றுக்கு நான்கு சக்கர இயக்கம் வேண்டும். கூரைமேல் கூடாரம் வைத்த டபுள் கேப் பிக்கப்தான் அங்கே பரவலாக வாடகைக்குக் கிடைப்பது. பன்னாட்டு ஓட்டுநர் அனுமதிச் சீட்டையும் அசல் உரிமத்தையும் சேர்த்தே வைத்திருங்கள்.

வண்டியைக் கையில் வாங்கும்போது சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். இவற்றை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்: இரண்டு ஸ்டெப்னி (அவற்றில் காற்று இருக்கிறதா என்றும்), ஜாக், ஜாக்குக்கு அடியில் வைக்க ஒரு பலகை, வீல் ஸ்பேனர், காற்றழுத்தமானி, 12 வோல்ட் காற்றடிக்கும் பம்ப், மண்வெட்டி, இழுவைக் கயிறு. மணலில் ஜாக் மட்டும் வைத்தால் வண்டி உயராது, ஜாக்தான் புதையும், பலகை அதற்காகத்தான்.

டயரில் எவ்வளவு காற்று?

இதைச் சரியாக வைத்தாலே பயணத்தின் பாதிச் சிக்கல் தீரும். பாரம் ஏற்றிய பிக்கப்புக்கு உத்தேசமாக: தார்ச் சாலையில் 32–36 பிஎஸ்ஐ, சரளைச் சாலையில் 26–29, ஆழ்ந்த மணலில் 15–18. வண்டிக்காரர் கொடுக்கும் அட்டவணை இதிலிருந்து மாறினால் அதையே பின்பற்றுங்கள்.

காற்றைக் குறைத்தால் டயர் நீளவாக்கில் பரந்து மணல்மேல் படரும். வண்டியின் எடை அதிகப் பரப்பில் பிரிந்து, டயர் புதையாமல் மேலே மிதந்து போகும். சரளையில் கொஞ்சம் குறைப்பது வேறு காரணத்துக்கு: விறைத்த டயர் கூர்ங்கல்லில் கிழியும், சற்றுத் தளர்ந்த டயர் கல்லைத் தழுவிக்கொண்டு கடக்கும். ரொம்பக் குறைத்துவிட்டு வேகமாக ஓட்டினால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். 15 பிஎஸ்ஐயில் சட்டென்று திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும். மணல் முடிந்த இடத்திலேயே நின்று திரும்பக் காற்றடியுங்கள். "ஊர் போய் அடித்துக்கொள்ளலாம்" என்பது வேண்டாம்.

சரளைச் சாலையில் ஏன் அவ்வளவு விபத்து?

சாலை அகலமாக, நேராக, வெறிச்சோடிக் கிடக்கும். மணிக்கு 100 கி.மீ. வேகம் எடுப்பது ஓட்டுகிறவருக்கே தெரியாது. சரளை என்பது உருளைக்கல் பரப்பிய தரை. அதன்மேல் டயர் பிடிப்பு பாதிதான். வளைவிலோ, குறுக்கே மான் வந்தாலோ சட்டென்று பிரேக் அடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி பக்கவாட்டில் சறுக்கி, ஓர மண்மேட்டில் இடித்துக் கவிழும். எதிரே வேறு வண்டி இல்லாமலேயே நடக்கும் இந்தக் கவிழ்ச்சிதான் அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு நேரும் முக்கிய ஆபத்து. வாடகைக் காப்பீடுகள் பல இதை விலக்கிவைத்திருக்கும், ஒப்பந்தத்தில் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

மணிக்கு 80 கி.மீ.யைத் தாண்டாதீர்கள், வளைவில் 50. எதிர்வண்டியின் புழுதி கண்ணை மறைத்தால் வேகத்தைக் குறைத்து இடப்பக்கம் ஒதுங்குங்கள். சறுக்கினால் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலரேட்டரை மெல்ல விட்டு, வண்டி போகிற போக்கில் நிதானமாக நேராக்குங்கள். பொழுது சாய்ந்தபின் ஓட்டவே கூடாது. குடு மானும் ஓரிக்ஸ் என்ற நீள்கொம்பு மானும் விளக்கு வெளிச்சத்துக்குள் பாய்ந்துவிடும். கூகுள் சொல்லும் நேரத்தோடு மூன்றில் ஒரு பங்கைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

டேங்க் பாதி இறங்கினாலே அடுத்த பங்க்கில் நிரப்பிவிடுங்கள். செஸ்ரீமிலும் சொலிட்டேரிலும் பங்க் உண்டு, இடையில் எதுவும் இல்லை. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர், அதற்கு மேல் வண்டியில் 20 லிட்டர் தொடாத இருப்பு.

சோசஸ்ஃப்ளேவுக்கு எங்கே தங்கிப் போவது நல்லது?

செஸ்ரீம் வாயில்தான் நுழைவு. அங்கிருந்து 60 கி.மீ. தார்ச் சாலை உள்ளே போகிறது. வெளி வாயில் சூரிய உதயத்துக்குத்தான் திறக்கும். வாயிலுக்கு உள்ளே இருக்கும் அரசு முகாமிலோ விடுதியிலோ தங்குபவர்களுக்கு மட்டும் உள் வாயிலை உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே திறந்துவிடுவார்கள். அஸ்தமனத்துக்குப் பின்னும் ஒரு மணி நேரம் இருக்கலாம். உள்ளே முகாமிட்டவர் முதல் வெளிச்சம் விழும்போது மணல்மேட்டில் இருப்பார். வெளியே சொகுசு விடுதியில் தங்கியவர் அப்போது வாயில் வரிசையில் நிற்பார். காசு குறைவாக இருக்கும் இடமே இங்கு மேல். ஆனால் ஜூலை, ஆகஸ்ட்டுக்குப் பல மாதம் முன்பே பதிவு நிறைந்துவிடும்.

இரண்டு இரவு தங்குங்கள். ஒரு நாள் அதிகாலைக்கு டெட்ஃப்ளே (பட்ட மரங்கள் நிற்கும் களித்தரை), மறுநாள் மாலைக்கு செஸ்ரீம் பள்ளத்தாக்கு. இது சாக்காப் ஆறு அறுத்த சுமார் 1 கி.மீ. நீளக் குறுகிய பிளவு, 30 மீட்டர் வரை ஆழம், நடுப்பகலிலும் உள்ளே நிழல்.

கடைசி 5 கிலோமீட்டர் மணலில் வண்டி சிக்கினால்?

தார்ச் சாலை முடியும் இடத்தில் வாகன நிறுத்தம் இருக்கிறது. மணலில் பழக்கமில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டுக் கட்டண ஷட்டில் வண்டியில் போவது புத்திசாலித்தனம். ஓட்டத்தான் வேண்டும் என்றால், மணலில் இறங்கும் முன்பே காற்றைக் குறைத்து, கியரை லோ ரேஞ்சுக்கு (மெதுவாக, அதிக இழுவையோடு ஓடும் நிலை) மாற்றிவிடுங்கள். சிக்கியபின் மாற்றிப் பயனில்லை. ஒரே சீரான வேகம், இடையில் நிற்காமை, பிரேக் தொடாமை. நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் இறக்கத்தில் நிறுத்துங்கள்.

டயர் சுற்றியும் வண்டி நகரவில்லையா, உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். இன்னும் மிதித்தால் டயர் தனக்குத் தானே குழி பறிக்கும், அடிச்சட்டம் மணலில் அமர்ந்துவிடும். இறங்கி, நான்கு டயருக்கும் முன்னும் பின்னும் மணலை வாரி, அடிவயிற்றில் முட்டும் மணலையும் தோண்டி எடுங்கள். காற்றை 12 பிஎஸ்ஐ வரை இறக்குங்கள். பிறகு வந்த தடத்திலேயே பின்னோக்கி மெல்ல எடுங்கள். அந்தத் தடம் ஏற்கெனவே இறுகியிருப்பதால் பிடிப்புக் கிடைக்கும். மரக்கிளையை ஒடித்துப் போடாதீர்கள். அங்கே ஒரு கிளை வளரப் பல ஆண்டு ஆகும்.

டெட்ஃப்ளேயின் மரங்கள் எப்படி இன்னும் நிற்கின்றன?

சாக்காப் ஆற்று வெள்ளம் பாய்ந்த காலத்தில் வளர்ந்த முள்மரங்கள் அவை, ஆப்பிரிக்க வேல இனம். மணல்மேடு ஆற்றின் வழியை அடைத்துவிட, தண்ணீர் வருவது நின்று, மரங்கள் 600, 700 ஆண்டுகளுக்கு முன் பட்டுப்போயின. மட்க வைக்கும் ஈரமே காற்றில் இல்லாததால் கரிபோல் வெயிலில் கருகி அப்படியே நிற்கின்றன. தொடவோ, சாயவோ, ஏறவோ கூடாது.

மணல்பாதைக்குள் இருக்கும் வாகன நிறுத்தத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடை. புகழ்பெற்ற அந்தப் படம், வெள்ளைத் தரையில் கரிய மரமும் பின்னால் தீப்போன்ற மேடும், ஒரு குறுகிய நேரத்தில்தான் கிடைக்கும். உதயத்துக்குப் பின் பின்னணி மேட்டில் வெயில் விழுந்து, களித்தரை இன்னும் நிழலில் இருக்கும் அந்தச் சில நிமிடங்கள். நீளக் குவிய லென்ஸால் மேட்டை நெருக்கிக் காட்டுங்கள், வானத்தை விட்டுவிடுங்கள். மணலில் நின்று லென்ஸ் மாற்றாதீர்கள். இரண்டாவது லென்ஸ் வேண்டுமென்றால் இரண்டாவது கேமரா, இல்லையேல் ஒரே ஜூம்.

பக்கத்தில் இருக்கும் சோசஸ்ஃப்ளே குட்டையில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது. 2011, 2021 போன்ற நல்ல மழை ஆண்டுகளில் மட்டும் நிரம்பி, மேடுகளின் நிழல் அதில் விழும்.

எந்த மணல்மேட்டில் ஏறலாம்?

45-ஆம் மேடு (செஸ்ரீமிலிருந்து 45-ஆவது கிலோமீட்டரில் இருப்பதால் அந்தப் பெயர்) சாலையோரத்திலேயே இருக்கிறது. முக்கால் மணி நேரத்தில் ஏறலாம், கூட்டம் அதிகம். 'பிக் டாடி' மேடு சுமார் 325 மீட்டர் உயரம். ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். எங்கள் பரிந்துரை பிக் டாடிதான்: முகட்டில் ஏறி, மறுபக்கச் சரிவில் நேரே டெட்ஃப்ளே தரைக்கு இறங்கிவிடலாம், இறங்கப் பத்து நிமிடம்.

முகட்டுக் கோட்டிலேயே நடங்கள், முன்னே போனவரின் காலடித் தடத்தில் கால் வையுங்கள். பக்கச் சரிவில் ஏறினால் இரண்டடி வைத்தால் ஓரடி சறுக்கும். மூடிய காலணி போடுங்கள். காலையில் வெறுங்காலில் ஏறியவர்கள் 10 மணிக்கு மேல் கொதிமணலில் இறங்க முடியாமல் தவிப்பது கோடையில் வழக்கம். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் கையில்.

வெறும் மணலில் என்ன விலங்கு இருக்கப் போகிறது?

புல் முளைக்காத மேட்டில்கூட உணவு இருக்கிறது, அதைக் கொண்டுவருவது காற்று. எங்கோ முளைத்துக் காய்ந்த புல்லின் துணுக்கு, விதை, செத்த பூச்சியின் சிறகு எல்லாம் அடித்து வரப்பட்டு, மேட்டின் காற்றில்லாத சரிவின் அடியில் குவிகின்றன. அந்தச் சருகை வண்டு தின்கிறது, வண்டைப் பல்லி, பல்லியைப் பாம்பு. ஆகவே தேட வேண்டிய இடம் முகடு இல்லை, சரிவின் அடிவாரம். அதுவும் காற்று எழுவதற்கு முன், உதயத்திலிருந்து 9 மணி வரை. அதற்குப் பிறகு இரவின் எழுத்தெல்லாம் அழிந்துவிடும்.

தடங்களைப் படிக்கப் பழகினால் மணல் முழுக்கச் செய்தி. தையல் போட்டது போன்ற இரட்டைப் புள்ளி வரிசை வண்டுடையது. ஒன்றோடொன்று ஒட்டாமல் சாய்வாக, இணையாகக் கிடக்கும் கோடுகள், ஒவ்வொன்றின் நுனியிலும் சிறு கொக்கி: பக்கவாட்டில் நகரும் பெரிங்கே விரியன் போன பாதை. திடீரென்று தொடங்கிக் கொஞ்ச தூரம் குழம்பி ஓடி, மணலுக்குள் மறைந்துவிடும் பள்ளக் கோடு பொன் அகழெலியுடையது. சுமார் 8 செ.மீ. நீளமே உள்ள, கண் தெரியாத பிராணி. மணலுக்குள் நீந்திப் போய், கறையான் அசையும் அதிர்வைக் கேட்டு இரை பிடிக்கும்.

பகலில் எளிதாகப் பார்க்கக் கிடைப்பது மண்வெட்டி மூக்குப் பல்லி. மணல் சூடேறும்போது ஒரு முன்காலையும் எதிர்ப்பக்கப் பின்காலையும் தூக்கிக்கொண்டு நிற்கும், சற்று நேரத்தில் கால் மாற்றும். நெருங்கினால் தலைகுப்புற மணலுக்குள் பாய்ந்துவிடும். இரவில் சவ்வுக்கால் பல்லி வரும். உடலின் உள்ளுறுப்பு நிழலாடும் அளவுக்கு மெல்லிய தோல். கண்மேல் படியும் பனித்துளியை நாக்கால் நக்கிக் குடிக்கும்.

சொந்தமாகத் தேடினால் பாதிகூடக் கண்ணில் படாது. ஸ்வாகோப்முண்டிலிருந்து கிளம்பும் அரைநாள் மணல்மேட்டு உயிரினப் பயணத்தில் ஒரு வழிகாட்டியோடு போய்விட்டு, பிறகு தனியாகப் பாருங்கள்.

தலைகீழாக நின்று பனி குடிக்கும் வண்டு உண்மையா?

உண்மை. ஓனிமாக்ரிஸ் உங்குயிக்குலாரிஸ் என்ற கறுப்பு வண்டு. பகலில் திரியும் இனமான இது, மூடுபனி இறங்கும் இரவின் கடைசிப் பொழுதில் மட்டும் மணலிலிருந்து வெளியேறி மேட்டின் முகட்டுக்கு ஏறும். காற்று வரும் திசையை நோக்கி நின்று, பின்கால்களை நீட்டி, தலையைத் தாழ்த்தும். பனி முதுகில் படிந்து, துளி திரண்டு, முதுகின் சரிவில் உருண்டு நேரே வாய்க்கு வரும். ஒரே பனியில் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை குடித்துவிடும் வண்டுகளும் உண்டு. 1976-ல் இதை விவரித்து எழுதியவர்கள் ஹாமில்டன், மேரி சீலி என்ற இரு ஆய்வாளர்கள். களம் குய்செப் கரையில் 1962 முதல் இயங்கும் கோபாபெப் ஆய்வு நிலையம். லெப்பிடோகோரா என்ற இன்னொரு வகை, காற்றுக்குக் குறுக்கே சிறு வாய்க்கால் வெட்டி, அதன் கரையில் படியும் ஈரத்தை உறிஞ்சுகிறது.

பார்க்க ஆசையா? மூடுபனி உள்ள விடியலில், உதயத்துக்கு முன்பே முகட்டுக்குக் கீழே வந்து உட்காருங்கள். காற்று உங்கள் பக்கமிருந்து வண்டை நோக்கி வீசாதபடி, அதற்குப் பின்புறமாக. டார்ச்சை அடித்தால் அது நிலையைக் கலைத்துவிடும், ஒரு நாள் தண்ணீர் போய்விடும்.

பாம்பு, தேள் பயம்?

பெரிங்கே விரியன் 20–25 செ.மீ. நீளம்தான். கண் தலையின் மேற்புறத்தில் இருப்பதால் உடலை மணலில் புதைத்துக் கண்ணையும் வால்நுனியையும் மட்டும் வெளியே நீட்டிக் காத்திருக்கும். புல்புதரின் அடியில் கை வைக்காமல், வெறுங்காலில் நடக்காமல் இருந்தால் போதும்.

தேளுக்கு ஒரு விதி: வால் தடித்து, கொடுக்குக் கை மெலிந்திருந்தால் விஷம் கடுமை. பாராபியூதஸ் இனம் அப்படிப்பட்டது, அது கொட்டினால் மருத்துவமனைக்கே போக வேண்டும். புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இருட்டில் தேள்மேல் அடித்தால் பச்சையாக ஒளிரும், முகாமைச் சுற்றி ஒரு நடையில் தெரிந்துவிடும். காலணியைக் கூடாரத்துக்குள் வையுங்கள், காலையில் உதறிப் போடுங்கள். விறகை வெறுங்கையால் தூக்காதீர்கள்.

வெல்விச்சியாவை எங்கே பார்க்கலாம்?

ஸ்வாகோப்முண்டுக்குக் கிழக்கே, சரளைச் சமவெளியில். அந்த வழிக்குப் பூங்கா அனுமதிச் சீட்டை ஊரிலேயே வாங்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். இந்தச் செடிக்கு வாழ்நாள் முழுக்க இரண்டே இலை. அடியிலிருந்து வளர்ந்துகொண்டே இருக்க, நுனி காற்றில் கிழிந்து நாராகத் தொங்கும். ஆயிரம் ஆண்டைக் கடந்த செடிகள் உண்டு. ஆண், பெண் தனித்தனிச் செடி. ஆஸ்திரியத் தாவரவியலாளர் ஃபிரீட்ரிக் வெல்விட்ச் 1859-ல் அங்கோலாவில் இதைக் கண்டார்.

செடியைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தால் அதற்கு வெளியே நில்லுங்கள்; மேலோட்டமான வேர்கள் மிதிபட்டு நசுங்கும். அதைவிட முக்கியம், வண்டியைத் தடத்தைவிட்டு இறக்காதீர்கள். அந்தச் சமவெளி வெறும் கல் மாதிரி தெரியும். குனிந்து பாருங்கள்: கல்லின்மேல் சாம்பல், ஆரஞ்சு, கருப்பு நிறத்தில் பாசிக்காளான் படர்ந்திருக்கும், மூடுபனிக் காலையில் நனைந்து விரிந்திருக்கும். ஒரு முறை டயர் ஏறினால் அந்தத் தடம் பல பத்தாண்டுகள் மறையாது. கரையோரச் சமவெளியில் தரையிலேயே ஒற்றை முட்டையிடும் டமாரா ஆலா என்ற கடற்பறவையும் டயருக்குத்தான் பலியாகிறது.

பாலைவன யானை, சிங்கம், காண்டாமிருகம் எங்கே?

வடமேற்கில், குனேனே பகுதியில். ஹோவானிப், ஹோவாருசிப், ஹுவாப், உகாப் ஆகிய காட்டாற்றுப் படுகைகள். யானை தனி இனம் இல்லை, சவன்னா யானையேதான். தண்ணீர் இல்லாமல் சில நாள் தாங்கவும், நீண்ட தூரம் நடக்கவும் பழகியது. ஆற்றுப்படுகையில் 'ஆனா' என்ற மரத்தின் காய் உதிரும் இடத்தில் எதிர்பார்க்கலாம். கருங்காண்டாமிருகம் வேலி இல்லாமல் திரிவதைப் பார்க்கப் பால்மவாக் பக்கம், தடம் பார்ப்பவர்களோடு நடந்து போகும் பயணம் உண்டு. அங்கே எடுத்த படத்தை இடக்குறிப்போடு போடாதீர்கள், வேட்டைக்காரர்களுக்கு அது வரைபடம்.

இந்த விலங்குகள் பிழைத்திருப்பதில் உள்ளூர் மக்களுக்குப் பெரும் பங்கு. 1996-ல் வந்த சட்டத் திருத்தத்தால் கிராமச் சமூகங்கள் தங்கள் நிலத்தில் வனவிலங்குகளைப் பராமரித்து, அதன் வருமானத்தையும் பெறுகின்றன. ஆகவே சமூக முகாம்களில் காசு கொடுத்துத் தங்குங்கள்.

ஆற்றுப்படுகையில் கூடாரம் அடிக்கக் கூடாது. மேலே எங்கோ பெய்த மழை இரவில் சுவராக வந்துவிடும். யானைக்கும் அதுதான் சாலை. யானையிடமிருந்து 100 மீட்டர் தள்ளி, வண்டி வெளியேறும் பக்கம் பார்த்திருக்கும்படி நிறுத்துங்கள். கூடாரத்தில் ஆரஞ்சு, மாம்பழம் வேண்டவே வேண்டாம்.

கடற்கரையில் எதைத் தவறவிடக் கூடாது?

வால்விஸ் பே காயலில் பூநாரைகள். கேப் கிராஸில் கடல்நாய்க் கூட்டம். நவம்பர், டிசம்பரில் குட்டி போடும் காலத்தில் எண்ணிக்கை உச்சத்தில் இருக்கும். நாற்றம் கடுமை, மாற்றுச் சட்டை வைத்துக்கொள்ளுங்கள். 1486-ல் போர்ச்சுகீசிய மாலுமி டியோகோ காவ் சிலுவை நட்ட இடமும் அதுவே. இன்னும் வடக்கே எலும்புக்கூட்டுக் கரை (ஸ்கெலிட்டன் கோஸ்ட்) பூங்கா; உகாப் வாயிலில் பிற்பகல் 3 மணிக்குள் நுழைந்தால்தான் கடந்து போகும் சீட்டுக் கிடைக்கும். வால்விஸ் பேவுக்குத் தெற்கே 1909-ல் கரை தட்டிய எடுவார்ட் போலன் கப்பல், இன்று கடல் விலகியதால் தரைக்குள் மணலில் கிடக்கிறது. அதற்கு வால்விஸ் பேவிலிருந்து உரிமம் பெற்ற வழிகாட்டியோடுதான் போக முடியும்.

புல்வெளியில் தெரியும் மொட்டை வட்டங்கள் என்ன?

2 முதல் 12 மீட்டர் அகல 'தேவதை வட்டங்கள்'. மணல் கறையான் புல்வேரைத் தின்று ஈரத்தைச் சேமிக்கும் வேலை என்று ஒரு சாரார். குறைந்த தண்ணீருக்குப் புற்கள் தமக்குள் போட்டியிட்டு ஏற்படுத்தும் ஒழுங்கு என்று இன்னொரு சாரார். வழக்கு இன்னும் முடியவில்லை. நமீப்ராண்ட் காப்பகத்தில் நன்றாகப் பார்க்கலாம். 2012-ல் இருள்வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடமும் அது, அமாவாசையை ஒட்டிப் போனால் பால்வீதி தரை வரை இறங்கும்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா?

இறைச்சி தின்னும் நாடு. விடுதிகளில் முன்கூட்டிச் சொன்னால் செய்து தருவார்கள், வழியோரக் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் சிப்ஸும் ரொட்டியும்தான். விண்ட்ஹுக்கிலோ ஸ்வாகோப்முண்டிலோ சூப்பர்மார்க்கெட்டில் அரிசி, பருப்பு, காய், தயிர், மக்காச்சோள மாவு வாங்கி, முகாமில் கேஸ் அடுப்பில் சமைப்பதே நிம்மதி. குக்கர் ஒன்று எடுத்துப் போனால் தண்ணீரும் கேஸும் மிச்சம்.

குனோவுக்கு வந்த சிவிங்கிப்புலிகள் இந்தப் பாலைவனத்தவையா?

2022 செப்டம்பர் 17-ல் மத்தியப் பிரதேசத்தின் குனோவில் விடப்பட்ட 8 சிவிங்கிப்புலிகள் நமீபியாவிலிருந்து வந்தவைதான். ஆனால் அந்நாட்டில் அவை பெரும்பாலும் வாழ்வது வட-மத்தியப் புதர்வெளியில், கால்நடைப் பண்ணைகளுக்கு நடுவே. மணல்மேட்டில் அவற்றைத் தேடாதீர்கள்.

எத்தனை நாள், எந்த வழி?

பத்து நாள் இருந்தால்: விண்ட்ஹுக் ஓரிரவு, செஸ்ரீம் இரண்டு, சொலிட்டேர் வழியாக ஸ்வாகோப்முண்ட் மூன்று, ஸ்பிட்ஸ்கோப்பே மலையடி ஒன்று, ட்வைஃபல்ஃபான்டைன் பாறைச் செதுக்கல்களும் யானைகளும் இரண்டு, திரும்ப விண்ட்ஹுக். ஏழு நாள்தான் என்றால் வடமேற்கை விட்டுவிடுங்கள், செஸ்ரீமைக் குறைக்காதீர்கள். விண்ட்ஹுக்கிலிருந்து செஸ்ரீமுக்கு ஸ்ப்ரீட்ஸ்ஹோக்ட மலைக்கணவாய் வழி அழகு, ஆனால் செங்குத்து. இழுவை வண்டி மாட்டியிருந்தால் அந்த வழி கூடாது.

போன் வேலை செய்யுமா? ட்ரோன்?

ஊர்களிலும் முக்கிய முகாம்களிலும் சிக்னல் உண்டு, இடைவழியில் இல்லை. ஆஃப்லைன் வரைபடத்தை முன்பே இறக்கிக்கொள்ளுங்கள். வடமேற்குக்குச் செயற்கைக்கோள் போனை விண்ட்ஹுக்கில் வாடகைக்கு எடுக்கலாம். வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடந்து போகாதீர்கள்; நிழலும் தண்ணீரும் அங்கேதான் இருக்கின்றன, தேடுபவர்களுக்கும் மனிதரைவிட வண்டிதான் முதலில் தெரியும். ட்ரோனைத் தேசியப் பூங்காக்களில் அனுமதியின்றிப் பறக்கவிட முடியாது, வாயிலிலேயே கேட்பார்கள்.